மீன் தொட்டித் தண்ணீரின் பி.எச்.: எந்தக் கருவியை நம்புவது?

பி.எச். என்பது தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் எண்: 7 நடு, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பி.எச். பார்க்க வாங்குவது பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான்: காகித ஸ்ட்ரிப், சாய மருந்தைச் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சொட்டு கிட், பேட்டரியில் ஓடும் பேனா மீட்டர். மூன்றையும் ஒரே வாளித் தண்ணீரில் வைத்துப் பாருங்கள், மூன்று எண் வரும். ஒன்று 7 என்கும், ஒன்று 7.6 என்கும், ஒன்று 8.3 என்கும். இதில் எது சரி என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது: இந்தக் கருவி தப்பான எண் காட்டினால் அது எனக்கு எப்படித் தெரியவரும்? இதற்குப் பதில் இல்லாத கருவியை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பயன் இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல தண்ணீர் மீன் வளர்க்கும் பெரும்பாலோருக்குச் சொட்டு கிட் போதும், ஆனால் புதுச்சேரி, கடலூர்ப் பக்கத் தண்ணீருக்கு ஏற்ற வரம்பு உள்ள கிட்டாக அது இருக்க வேண்டும். பேனா மீட்டர் வாங்கலாம், கூடவே பஃபர் பொட்டலமும் (கரைத்தால் பி.எச். இவ்வளவு என்று முன்பே தெரிந்த திரவம் தரும் பொடி) வாங்கி மாதம் ஒருமுறை சரிபார்க்கும் பொறுமை இருந்தால். ஸ்ட்ரிப் வாங்க வேண்டாம்.

அரைப் புள்ளிக்கு ஏன் இவ்வளவு அலட்டல்

பி.எச். அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. 7-லிருந்து 8-க்குப் போனால் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அயனி பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. 1909-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரென்சென் இந்த அளவைக் கொண்டுவந்தபோதே அது அப்படித்தான். எனவே 7.5, 8 இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மீன் வளர்ப்பவருக்கு இது நேரடியாகக் கடிக்கும் இடம் அம்மோனியா. மீன் கழிவில் வரும் அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவாக நஞ்சில்லாத அம்மோனியம், மற்றது செவுளைச் சுடும் அம்மோனியா. எது எவ்வளவு என்பதை பி.எச்.-உம் சூடும் தீர்மானிக்கின்றன. நம் ஊரில் ஹீட்டர் இல்லாமலே தொட்டித் தண்ணீர் 30 டிகிரிக்கு வந்துவிடுகிறது. அந்தச் சூட்டில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் ஏறக்குறைய 0.8 சதவீதம்தான் நஞ்சு வடிவம். 8 என்றால் 7.5 சதவீதம். 8.5 என்றால் 20 சதவீதம். அம்மோனியா கிட் காட்டுவது பொதுவாக இரண்டும் சேர்ந்த மொத்தத்தைத்தான். ஆக, பி.எச். தப்பாகத் தெரிந்தால் அம்மோனியா எண்ணையும் தப்பாகத்தான் படிப்போம்.

படி 1: முதலில் உங்கள் குழாய்த் தண்ணீர் எது என்று பாருங்கள்

கருவி வாங்குவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டும். புதுச்சேரி குடிப்பதும் குளிப்பதும் கிட்டத்தட்ட முழுக்க நிலத்தடி நீரைத்தான். ஆனால் நிலம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. காலாப்பட்டு, ஆரோவில் செம்மண் மேட்டுக்கு அடியில் இருப்பது கடலூர் மணற்கல். வடமேற்கே துருவை, வானூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புப் பாறை வருகிறது. சங்கராபரணி, பெண்ணையாறு ஓரங்களில் வண்டல். கடற்கரைப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் (போர்) உப்பு ஏறுவது எல்லோரும் அறிந்ததே. சுண்ணாம்பு கரைந்த தண்ணீர் கடினமாகவும் காரமாகவும் இருக்கும், மணற்கல் தண்ணீர் அப்படி இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கடலூரிலும் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுப் போர் தண்ணீரை வைத்து முதுநகரில் இருப்பவருக்கு யோசனை சொல்ல முடியாது. ஒரே தெருவில் ஆழம் மாறினாலே தண்ணீர் மாறும்.

போர் தண்ணீரில் இன்னொரு விஷயம் உண்டு. பூமிக்கு அடியில் இருக்கும் தண்ணீரில் கரியமில வாயு அதிகம் கரைந்திருக்கும். மோட்டார் போட்டு எடுத்த உடனே பார்த்தால் பி.எச். குறைவாகக் காட்டும். அதே தண்ணீரை வாளியில் ஏர் பம்ப் போட்டு ஒருநாள் விட்டுவிட்டுப் பார்த்தால் வாயு வெளியேறி எண் ஏறியிருக்கும். உடனே பார்த்தபோது 7.2, மறுநாள் 8 என்று வந்தால் கிட் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. தொட்டியில் மீன் சந்திக்கப்போவது அந்த இரண்டாவது எண்ணைத்தான், அதைக் குறித்து வையுங்கள்.

ஆர்.ஓ. தண்ணீர், கேன் தண்ணீர், மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீர் ஆகியவை வேறு கதை. இவற்றில் கரைந்த உப்பு மிகக் குறைவு. காற்றிலிருக்கும் கரியமில வாயுவே சுத்தமான மழைநீரை 5.6 வரை இறக்கிவிடும். அளக்கும்போது பேனா மீட்டரில் எண் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். சொட்டு மருந்து விட்டால் அந்த மருந்தே தண்ணீரின் பி.எச்.-ஐக் கொஞ்சம் நகர்த்திவிடும். எனவே வெறும் ஆர்.ஓ. தண்ணீருக்கு பி.எச். பார்த்துக் கவலைப்படாதீர்கள். தாது உப்போ குழாய்த் தண்ணீரோ கலந்த பிறகு பாருங்கள்.

படி 2: கிட்டின் வரம்பு, பலரும் விழும் குழி

கடைக்குப் போய் 'பி.எச். கிட் குடுங்க' என்றால் பெரும்பாலும் கையில் வருவது 6.0-லிருந்து 7.6 வரை காட்டும் கிட். உள்ளே இருப்பது புரோமோதைமால் ப்ளூ என்ற சாயம். அமிலத்தில் மஞ்சள், நடுவில் பச்சை, காரத்தில் நீலம். 7.6-க்கு மேலே போனால் அது நீலமாகவே நின்றுவிடும். 7.6-க்கும் நீலம், 8.2-க்கும் நீலம், 9-க்கும் நீலம். அட்டையில் கடைசிக் கட்டம் 7.6 என்பதால் 'நம்ம தண்ணி 7.6' என்று எழுதி வைத்துக்கொள்வோம். உண்மையில் அந்தக் கிட் சொல்வது '7.6 அல்லது அதற்கு மேல் ஏதோ ஒன்று' என்பதுதான். 30 டிகிரியில் அந்த வித்தியாசம் அம்மோனியாவை என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம்.

எனவே நம் பக்கத்தில், குறிப்பாகக் கடின நீர் வரும் வீடுகளில், 7.4-லிருந்து 8.8 வரை காட்டும் ஹை ரேஞ்ச் பாட்டில்தான் முதல் தேவை. ஏ.பி.ஐ. நிறுவனத்தின் நல்ல தண்ணீர் மாஸ்டர் கிட்டில் இரண்டு பாட்டிலும் வரும். தனித்தனியாகவும் கிடைக்கும். வேறு கம்பெனி கிட் வாங்கினாலும் பெட்டியைத் திருப்பி வரம்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 4-லிருந்து 10 வரை எல்லாம் காட்டும் 'வைடு ரேஞ்ச்' கிட் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் அதில் ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவே அரை அல்லது ஒரு புள்ளி இடைவெளி. தோராயமாக எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள மட்டும் ஆகும்.

விதி எளிது. விடை அட்டையின் முதல் கட்டத்திலோ கடைசிக் கட்டத்திலோ விழுந்தால் அதை விடையாக எடுக்காமல் அடுத்த வரம்பு பாட்டிலில் மறுபடி பாருங்கள்.

எந்த மீன் என்பதும் பாட்டிலைத் தீர்மானிக்கும். கப்பி, மோலி, தங்கமீன், ஆப்பிரிக்க சிக்லிட் வைத்திருப்பவருக்கு ஹை ரேஞ்ச். நியான் டெட்ரா, டிஸ்கஸ் என்று மென்மையான, சற்றே அமிலத் தண்ணீர் கேட்கும் மீன்களை ஆர்.ஓ. கலந்து வளர்ப்பவருக்கு 6.0 முதல் 7.6 வரை உள்ளது. கடல் மீன் தொட்டி என்றால் 8.1 முதல் 8.4-க்குள் சிறு அசைவும் தெரிய வேண்டும், அதற்கு நல்ல மீட்டர்தான்.

படி 3: சொட்டு கிட்டைச் சரியாகப் போடுவது

பெட்டிக்குள் இருக்கும் துண்டுச் சீட்டில் எல்லாம் எழுதியிருக்கும், ஆனால் தப்பு நடக்கும் இடங்கள் அதில் இருக்காது.

சோதனைக் குழாயைத் தொட்டித் தண்ணீராலேயே இரண்டு மூன்று முறை அலசுங்கள். சோப்பு வேண்டாம். 5 மில்லி கோடு வரை தண்ணீர், கோடு கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். ஏ.பி.ஐ. கிட்டில் சாதாரண பி.எச்.-க்கு 3 சொட்டு, ஹை ரேஞ்சுக்கு 5 சொட்டு. மற்ற கிட்டில் எண்ணிக்கை வேறாக இருக்கலாம். பாட்டிலை நேர் செங்குத்தாகக் கவிழ்த்துப் பிடித்தால்தான் ஒவ்வொரு சொட்டும் ஒரே அளவில் விழும். சாய்த்துப் பிடித்தால் அளவு மாறும்.

அப்புறம் மூடி போட்டுக் கவிழ்த்துக் கலக்குங்கள். கட்டை விரலால் அடைத்துக் குலுக்குவது பலருக்கும் பழக்கம், விரலின் வியர்வை கலந்தால் நிறம் மாறும்.

நிறம் பார்ப்பது பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளை வைத்து. ஜன்னல் ஓரம் போதும், நேர் வெயில் வேண்டாம். மஞ்சள் பல்புக்கு அடியிலோ தொட்டியின் நீல எல்.இ.டி. வெளிச்சத்திலோ பார்த்தால் அட்டை ஒன்று சொல்லும், கண் ஒன்று சொல்லும். சிலருக்குச் சில நிறங்கள் பிரிந்து தெரியாது. அப்படி இருந்தால் வீட்டில் வேறொருவரிடம் எண்ணைச் சொல்லாமல் காட்டி, எந்தக் கட்டம் என்று கேளுங்கள். சொல்லிவிட்டுக் கேட்டால் அவரும் 'ஆமா, அதேதான்' என்பார்.

ஃபைட்டர் மீனுக்காகப் பாதாம் இலை போடுபவர்கள் கவனிக்க. இலையின் டானின் தண்ணீரை டீ நிறமாக்கும். அந்தப் பழுப்பு சாயத்தோடு கலந்து நீலத்தைப் பச்சையாகக் காட்டும், பி.எச். இறங்கிவிட்டது போலத் தெரியும். இதற்கு ஒரு வழி: இன்னொரு குழாயில் மருந்து விடாத அதே தொட்டித் தண்ணீரை எடுத்து, அட்டையின் நிறக் கட்டத்துக்கு முன்னால் வைத்து, அதன் வழியாக அட்டையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் பழுப்பு சேர்ந்துவிடுவதால் ஒப்பீடு நேராகிறது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை தூக்கலாக இருக்கும் நாளில் நேரடியாகச் சோதிக்காதீர்கள், குளோரின் சாயத்தையே கெடுக்கும். ஏர் பம்ப் போட்டு விட்டு மறுநாள் பாருங்கள்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். சொட்டு கிட் பொய் சொன்னால் எப்படித் தெரியும்? பேனா மீட்டருக்காக விற்கும் 6.86 பஃபர் பொட்டலத்தைக் கரைத்து, அந்தத் திரவத்தில் 5 மில்லி எடுத்து உங்கள் கிட்டைப் போடுங்கள். சாதாரண வரம்புக் கிட் 6.8-க்குப் பக்கத்து நிறத்தைக் காட்ட வேண்டும். எங்கோ போனால் பாட்டில் கெட்டுவிட்டது. நம் ஊர் வெயிலில், ஜன்னல் ஓர அலமாரியில் கிடந்த பாட்டில், கடையில் எத்தனை நாள் தூங்கியது என்றே தெரியாத பாட்டில் எல்லாம் இந்தச் சோதனைக்கு உரியவை. வாங்கும்போதே தயாரிப்புத் தேதியைப் பாருங்கள்.

ஸ்ட்ரிப் பற்றிச் சுருக்கமாக

ஸ்ட்ரிப்பின் எதிரி ஈரம். கடலோர ஊரில் டப்பாவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று உள்ளே போகிறது. ஐந்தாறு சோதனை ஒரே பட்டையில் இருந்தால் ஒரு கட்டத்தின் மருந்து அடுத்ததில் வழியும். புதிதாக இருக்கும்போதே அரைப் புள்ளி துல்லியம்தான். லிட்மஸ் காகிதம் அமிலமா காரமா என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது.

காகிதம்தான் வேண்டும் என்றால் வீட்டு மஞ்சளே ஒரு வேலைக்கு ஆகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளில் சுண்ணாம்பு விட்டால் சிவக்கிறதல்லவா, அதுவும் பி.எச். சோதனைதான். ஏறத்தாழ 7.4-லிருந்து 8.6-க்குள் மஞ்சள் நிறம் மாறத் தொடங்கிச் சிவக்கும். கப்பிக்காகப் புதிதாகச் சிமெண்ட் தொட்டி கட்டியவர்கள், அதில் ஊறிய தண்ணீரில் மஞ்சள் தடவிக் காயவைத்த காகிதத்தை நனைத்துப் பார்க்கலாம். பளிச்சென்று சிவந்தால் சிமெண்டின் சுண்ணாம்பு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, மீன் விடக் கூடாது. வாழைத்தண்டு போட்டு ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, சிவப்பது நின்ற பிறகு ஹை ரேஞ்ச் கிட்டால் உறுதி செய்யுங்கள்.

படி 4: பேனா மீட்டர் வாங்குவதென்றால்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆர்.ஓ. சர்வீஸ்காரர்கள் கொண்டுவரும் பேனா டி.டி.எஸ். மீட்டர். அது கரைந்த உப்பை அளக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இரண்டும் சேர்ந்த ஜோடியாகவும் விற்பார்கள். பி.எச். பேனாவின் நுனியில் சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். அளப்பது அந்தக் குமிழ்தான், மற்றதெல்லாம் அதன் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றிக் காட்டும் பெட்டி. 25 டிகிரியில் ஒரு பி.எச். புள்ளிக்கு ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் வர வேண்டும். குமிழ் வயதாக ஆக இது குறையும். திரையில் 7.43 என்று இரண்டு தசமம் காட்டுவதால் அது துல்லியம் என்று ஆகிவிடாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டுதான்: இரண்டு புள்ளியிலாவது பட்டன் அழுத்திக் காலிப்ரேட் செய்ய (பஃபரில் நனைத்து எண்ணைச் சரியாக அமைக்க) முடிகிறதா, பஃபர் பொட்டலம் தனியாகவும் கிடைக்கிறதா. திருப்புளியால் ஒரே திருகைத் திருப்பும் பழைய மாடலைவிட இது மேல். 'ஏ.டி.சி.' என்று பெட்டியில் போட்டிருப்பது, சூடு மாறும்போது குமிழின் மின்னழுத்தம் மாறுவதைச் சரிக்கட்டும் வசதி. இருந்தால் நல்லது.

காலிப்ரேஷன் இப்படி:

1. புதுப் பேனாவோ வெகுநாள் காய்ந்து கிடந்ததோ என்றால் குமிழை அரை மணி நேரமாவது 6.86 பஃபரில் அல்லது கே.சி.எல். (பொட்டாசியம் குளோரைடு) திரவத்தில் ஊறவையுங்கள்.

2. பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு டி.எம். தண்ணீரில் (தாது உப்பு நீக்கியது) கரையுங்கள், பெரும்பாலும் 250 மில்லி. பெட்ரோல் பங்க்கிலும் பேட்டரிக் கடையிலும் விற்கும் பேட்டரி வாட்டர் இதற்கு ஆகும். பேட்டரி ஆசிட் வேறு, கேட்டு வாங்குங்கள்.

3. முதலில் 6.86. எண் நிற்கும்வரை, ஒன்றிரண்டு நிமிடம் ஆனாலும் காத்திருந்து அமைத்துக்கொள்ளுங்கள்.

4. டி.எம். தண்ணீரில் அலசி, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அடுத்தது உங்கள் தொட்டி இருக்கும் பக்கத்து பஃபர். காரத் தண்ணீர் என்றால் 9.18, அமிலத் தண்ணீர் என்றால் 4.01. நம்மில் பலருக்கு 9.18 தேவை, ஆனால் பேனாவோடு வரும் பொட்டலங்களில் சிலசமயம் 4.01, 6.86 மட்டுமே இருக்கும்.

5. மறுபடி 6.86-ல் வைத்து, எண் திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

6.86-ல் மட்டும் சரிசெய்துவிட்டு 9.18-ல் நனைத்தால் என்ன காட்டுகிறது என்பதுதான் குமிழின் ஜாதகம். 8.9 காட்டினால், உண்மையில் 8.0 உள்ள தண்ணீரை அது 7.86 என்று சொல்லும். இரண்டாம் புள்ளியைச் சரிசெய்தால் இது தீரும். 8.8-க்கும் கீழே போனால் குமிழைச் சாதாரண வினிகரில் கால் மணி நேரம் வைத்துச் சுண்ணாம்புப் படிவைக் கரைத்து, அலசி, ஒரு மணி நேரம் கே.சி.எல்.-லில் ஊறவைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் தேறாவிட்டால் பேனாவின் காலம் முடிந்தது. நன்றாக வைத்துக்கொண்டாலும் இந்தக் குமிழ்கள் ஓரிரு வருடம்தான் உழைக்கும்.

30 டிகிரி அறையில் 9.18 பஃபரின் உண்மை மதிப்பு 9.14 ஆகிவிடுகிறது, 6.86-உம் 6.85 ஆகிறது. வீட்டுத் தொட்டிக்கு இந்த வித்தியாசத்தை விட்டுவிடலாம். விட்டுவிட முடியாதது பஃபர் கெட்டுப்போவது. 9.18 காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக் கீழே இறங்கும், மற்ற இரண்டிலும் நாளானால் பூஞ்சை படரும். பேனா நனைத்ததைப் பாட்டிலில் திரும்ப ஊற்றாதீர்கள். கரைத்து ஒரு மாதமாகிவிட்டால் கொட்டிவிடுங்கள்.

பேனாவை மூடும்போது மூடிக்குள் சில சொட்டு 3 மோலார் கே.சி.எல். இருக்க வேண்டும், அதாவது 100 மில்லி கரைசலில் சுமார் 22 கிராம் பொட்டாசியம் குளோரைடு. டி.எம். தண்ணீரில் ஊறவைத்தால் குமிழுக்குத் தேவையான அயனிகளே வெளியேறிக் கெடும். காயவிட்டாலும் கெடும்.

படி 5: எப்போது, எங்கே எடுப்பது

பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் இறால் வளர்ப்பவர்கள் குட்டையின் பி.எச்.-ஐக் காலையிலும் மாலையிலும் பார்ப்பார்கள். காரணம் பாசி. பகலில் ஒளிச்சேர்க்கை கரியமில வாயுவை எடுத்துவிடுவதால் பி.எச். ஏறும், இரவில் எல்லா உயிரும் வாயுவை விடுவதால் விடியற்காலையில் இறங்கியிருக்கும். செடி அடர்ந்த வீட்டுத் தொட்டியிலும் இதேதான். எனவே திங்கள் காலை 7.4, வியாழன் மாலை 7.9 என்று எழுதினால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஒரே நேரம் பாருங்கள், விளக்கு போடுவதற்கு முன் என்றால் நல்லது. ஒரே ஒரு நாள் காலை மாலை இரண்டையும் பார்த்து உங்கள் தொட்டி எவ்வளவு ஆடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மேல் படலத்தை விட்டு நடு ஆழத்திலிருந்து எடுத்து, எடுத்த சில நிமிடத்திலேயே சோதியுங்கள். கடைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பதென்றால் பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே முக்கி விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். அரை பாட்டில் தண்ணீர் பைக்கில் குலுங்கியபடி போய்ச் சேர்வதற்குள் வாயு மாறி எண்ணும் மாறும்.

தானே, ஃபெஞ்சல் மாதிரி புயல் வந்து கரண்ட் போய், ஏர் பம்ப் நின்றால் வாயு தேங்கி பி.எச். இறங்கலாம். அந்த நேரத்து எண்ணைப் பார்த்து மருந்து எதுவும் ஊற்றாதீர்கள். குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் கொடுத்தாலே பாதி சரியாகும்.

படி 6: எண்ணோடு கே.எச்.-ஐயும் பாருங்கள்

பி.எச். கிட்டுக்கு அடுத்து ஒரே ஒரு கிட் வாங்கப் பணம் இருந்தால் அது கே.எச்., அதாவது கார்பனேட் கடினம். பி.எச். இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்லும், அது அங்கேயே நிற்குமா என்பதைக் கே.எச். சொல்லும். சோதனையும் சுலபம்: 5 மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணிக்கொண்டே வர வேண்டும், நீலம் மஞ்சளாக மாறும் சொட்டோடு நிறுத்த வேண்டும். பெரும்பாலான கிட்டில் ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி (சூட்டின் டிகிரி அல்ல, கடினத்தின் அலகு), அதாவது கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 17.9 மில்லிகிராம். இங்கே நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் வேலையே இல்லை, அதனால் கண் ஏமாறுவதும் குறைவு.

கே.எச். 8, 10 என்று இருக்கும் போர் தண்ணீரில் 'பி.எச். டவுன்' என்ற, பி.எச்.-ஐ இறக்கும் மருந்தை ஊற்றினால் சில மணி நேரம் இறங்கும், மறுநாள் பழைய இடத்துக்கே வரும், மீன்தான் இரண்டு முறை அடிவாங்கும். அங்கே பி.எச்.-ஐ இறக்க வேண்டுமென்றால் ஆர்.ஓ. அல்லது மழைத் தண்ணீர் கலந்து கே.எச்.-ஐக் குறைப்பதுதான் வழி. கப்பி, மோலிக்கு இறக்கவே வேண்டாம்.

எதிர்ப் பக்கமும் உண்டு. தண்ணீர் மாற்றாமல் ஓடும் பழைய தொட்டியில், அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா கே.எச்.-ஐத் தின்றுகொண்டே இருக்கும். அது ஒன்றிரண்டு டிகிரிக்கு வந்ததும் பி.எச். ஒரே வாரத்தில் சரியலாம். 6-க்குக் கீழே போனால் அந்தப் பாக்டீரியாவின் வேலையே மந்தமாகிறது. அப்போது சமையல் சோடா உதவும். 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கே.எச். ஏறக்குறைய 1 டிகிரி ஏறும். தனியாகக் கரைத்து, ஒருநாளைக்கு 1 டிகிரிக்கு மேல் ஏற்றாமல் கொடுங்கள். அம்மோனியா தேங்கியிருக்கும் தொட்டியில் பி.எச்.-ஐத் தடாலென்று ஏற்றினால் அதுவரை சாதுவாக இருந்த அம்மோனியம் நஞ்சாக மாறும், ஆகவே முதலில் அம்மோனியா பார்த்துவிட்டு, தேவையென்றால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிட்டு, அப்புறம் சோடா.

தொட்டியை வாரம் ஒருமுறை, புது மீன் விட்ட வாரத்தில் இரண்டு மூன்று முறை பார்த்தால் போதும். குழாய்த் தண்ணீரைத் தனியாக வருடத்துக்கு இரண்டு தடவை பாருங்கள்: வடகிழக்குப் பருவமழை முடிந்து போரில் புதுத் தண்ணீர் ஏறியிருக்கும் ஜனவரியில் ஒருமுறை, தண்ணீர் மட்டம் இறங்கும் மே மாதத்தில் ஒருமுறை. இரண்டு எண்ணும் கணிசமாக வேறுபட்டால் அந்த மாதங்களில் ஒரே தடவையில் பாதித் தொட்டியை மாற்றாமல், கால் பங்கு கால் பங்காக மாற்றுங்கள்.